ரெடிமேட் கராஜ்: ஷீட்டா, கான்கிரீட்டா, மரமா? எதுல போடலாம்?

உப்புக்காத்து

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுப் பக்கவாட்டுல ஒரு கார் நிக்கிற அளவுக்கு ரெடிமேட் கராஜ் போடலாம்னு இருக்கோம், 3 மீட்டருக்கு 6 மீட்டர், பின்னாடி ஒரு மேஜை போட்டு சின்னச் சின்ன ரிப்பேர் வேலை, எப்பவாவது வெல்டிங் பாக்கவும் இடம் வேணும். செங்கல் வச்சுக் கட்டினா மாசக்கணக்குல இழுக்கும், அதனாலதான் பேனலா கொண்டுவந்து மாட்டுறதைப் பாக்குறேன். ஒருத்தர் ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு) போடுங்க, ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சிரும்ங்கறார். இன்னொருத்தர் ப்ரீகாஸ்ட் (முன்னாடியே வார்த்துக் கொண்டுவர்ற) கான்கிரீட் பேனல்தான் காலத்துக்கும் நிக்கும்ங்கறார். மூணாவது மரம், அது வீட்டோட சேந்து அழகா இருக்கும்னு வீட்ல எல்லாருக்கும் அதுமேலதான் ஆசை. கடல் எங்க வீட்லேருந்து 2 கிலோமீட்டர்தான், ஜன்னல் கம்பியெல்லாம் பெயின்ட் அடிச்சு வச்சாலும் துரு ஏறிடுது. மழை பேஞ்சா அந்த இடத்துல தண்ணி நிக்கும், மண்ணும் கால் புதையிற மாதிரி இருக்கும். ஒருதடவைதான் செலவு பண்ண முடியும், அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஷீட்வேலை

சார், நான் இந்த ஷெட் வேலைலதான் ரொம்ப வருஷமா இருக்கேன். "ஜிஐ ஷீட்"னு மட்டும் சொன்னா அதுக்கு அர்த்தமே இல்ல, மேல எவ்வளவு துத்தநாகம் பூசியிருக்காங்கறதுதான் விஷயம். பில்லுலயே எழுதித் தரச் சொல்லுங்க. இசட் 275னு இருந்தா ஒரு சதுர மீட்டர் ஷீட்டுக்கு ரெண்டு பக்கமும் சேத்து 275 கிராம் பூச்சு. இசட் 120 ஷீட்டும் கண்ணுக்கு அதே பளபளப்புதான், ஆனா பூச்சு பாதிக்கும் கம்மி. கால்வால்யூம்ங்கறது வேற, அதோட பூச்சுல 55 சதவீதம் அலுமினியம், மிச்சத்துல பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சூண்டு சிலிக்கான். சாதாரண ஜிஐயை விட உப்புக்காத்தை நல்லா தாங்கும். உங்க ஏரியாவுக்கு கால்வால்யூம் மேல ஃபேக்டரிலயே கலர் பெயின்ட் ஏத்தின ஷீட்தான் நான் சொல்லுவேன்.

ஆனா அதுக்கு ஒரு எதிரி இருக்கு, ஈர சிமென்ட். அலுமினியத்தை சிமென்டோட காரம் அரிச்சிடும். ஷீட்டோட அடி ஓரத்தை தளத்துல வச்சு மேல கலவை பூசி "லீக் ஆகாம அடைச்சிட்டோம்"னு பண்றாங்க பாருங்க, அங்கதான் முதல்ல ஓட்டை விழும். ஷீட் தரையைத் தொடவே கூடாது, கீழ கொஞ்சம் இடைவெளி விட்டு சொட்டுத்தண்ணி வெளிய வடியிற மாதிரி ஃப்ளாஷிங் (மடிச்ச தகடு) குடுக்கணும். அப்புறம் உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல வெளிச்சுவரை மழையே கழுவி விட்டுடும், கூரை நீட்டிட்டு இருக்கிற அடிப்பக்கம் மழை படாது, உப்பு அப்படியே படிஞ்சு கிடக்கும், முதல் துரு அங்கதான் வரும். மாசம் ஒருதடவை ஹோஸ் புடிச்சு அந்த இடத்தைக் கழுவினா போதும், பல வருஷம் கூட நிக்கும்.

இன்னொன்னு, ராத்திரில தகரக்கூரை வெளிக்காத்தை விடவே கூட குளுந்துடும், உள்ள இருக்கிற ஈரம் அதுல பட்டு விடிகாலைல கார் மேல சொட்டும். நனைஞ்ச காரை உள்ள விட்டுக் கதவை மூடினா இன்னும் மோசம். கீழ ஒரு வென்ட் (காத்து போற துவாரம்), உச்சில ஒரு வென்ட், ரெண்டும் கண்டிப்பா கேளுங்க. கூரை ஷீட்டோட உள்பக்கம் ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கிற துணி மாதிரி ஒரு லேயர் ஒட்டியும் வருது, கிடைச்சா வாங்கிடுங்க.

கல்லுதூண்

எங்க வீட்ல இருக்கிறது ப்ரீகாஸ்ட். திருடன் பயம் இல்ல, தீ பயம் இல்ல, மழைச் சத்தம் இல்ல, பகல் வெயிலும் உள்ள மெதுவாத்தான் ஏறும். அதுல நான் சந்தோஷமாத்தான் இருக்கேன், ஆனா உங்க மண்ணைப் படிச்சதும்தான் எழுதணும்னு தோணிச்சு. கான்கிரீட் ஒரு கனமீட்டர் 2400 கிலோ. 50 மில்லிமீட்டர் கனத்துல பேனல்னா சதுர மீட்டருக்கு 120 கிலோ. கதவுப் பக்கத்தைக் கழிச்சாலும் மூணு பக்கச் சுவர் 2.2 மீட்டர் உயரத்துக்கு 33 சதுர மீட்டர் வரும், அதாவது சுவர் மட்டுமே 4 டன், அதுக்கு மேல காரும் நிக்கணும். தண்ணி நின்னு ஊறின மண்ணுல ஒரு மூலை மட்டும் கொஞ்சம் இறங்கினாலும் பேனல் ஜாயின்ட் வாயைப் பொளக்கும். எங்களுக்கே ஒரு மூலைல அப்படி ஆச்சு, அடியில மண்ணைச் சரியா இடிச்சுக் கெட்டிப்படுத்தாம அவசர அவசரமா தளம் போட்டுட்டாங்க, மழைக்கு மழை அந்த இடுக்கு வழியா தண்ணி வருது, எத்தனை தடவை சீலன்ட் வச்சாலும் நிக்கல. அந்த இடத்தைப் பாக்கும்போதெல்லாம் மனசு வலிக்குது.

அப்புறம் கான்கிரீட்னா துருவே இல்லன்னு நம்பிடாதீங்க. உள்ள கம்பி இருக்கு. பேனல் மெலிசா இருந்தா கம்பிக்கு மேல இருக்கிற கவர், அதாவது கம்பியை மூடுற கான்கிரீட், கம்மி, உப்பு உள்ள இறங்கி கம்பியைத் தொட்டுச்சுன்னா துரு உப்பி வெளிப்பக்கம் செதில் செதிலா பேந்துக்கும். வாங்கினா கம்பிக்குக் கவர் எத்தனை மில்லிமீட்டர்னு கேட்டுட்டு வாங்குங்க. லாரியும் கிரேனும் உங்க வாசல் வரைக்கும் வருமான்னும் பாருங்க.

தேக்குவாசம்

மரத்தை யாரும் பேசலையே. உப்புக்காத்து மரத்தை ஒன்னும் பண்ணாது, அதுல மரம் ஷீட்டை விட ஒசத்தி. மரத்தைக் கெடுக்கிறது ஈரமும் கரையானும்தான். மரத்துக்குள்ள ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பூஞ்சை புடிச்சு உளுத்துப் போகாது, அதனால அடிக்கட்டை தரைலேருந்து குறைஞ்சது 150 மில்லிமீட்டர் மேல நிக்கணும், மழைத்துளி தரைல பட்டுத் தெறிக்கிறது மரத்து மேல விழக்கூடாது. மருந்து ஏத்தின மரமா வாங்குங்க, வெறுமனே மேலாக்கப் பூசினது இல்ல, பிரஷர் குடுத்து உள்ள இறக்கினது. அதுல தாமிரம் கலந்த மருந்துன்னா சாதாரண ஆணி சீக்கிரம் அரிச்சிடும், ஸ்டெயின்லெஸ் ஆணி, ஸ்க்ரூதான் போடணும். சில வருஷத்துக்கு ஒருதடவை பெயின்ட் அடிக்கிற பொறுமை உங்களுக்கு இருந்தா மரம் அருமை. ஆனா உள்ள வெல்டிங் பண்றேங்கறீங்க, தண்ணி நிக்கிற இடம்ங்கறீங்க, இந்த ரெண்டையும் கேட்டப்புறம் நான் மரத்தைச் சொல்ல மாட்டேன், எனக்கு எவ்வளவு புடிச்சாலும்.

உப்புக்காத்து

இவ்வளவு விவரமா சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. மனசு ஷீட் பக்கம்தான் போகுது. ரெண்டு சந்தேகம். புயல் அடிச்சா ஷீட் ஷெட் பறக்குமே? இன்னொன்னு, சூடு தாங்க பஃப் பேனல் (ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஃபோம் வச்சது) போடச் சொல்றாங்களே, போடலாமா?

ஷீட்வேலை

பறக்கும் சார், சரியா புடிச்சுக் கட்டலன்னா கண்டிப்பா பறக்கும். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்துல காத்தடிச்சா அழுத்தம் சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 100 கிலோ. உங்க கூரை 18 சதுர மீட்டர், கணக்குப் போட்டுப் பாருங்க, தூக்குற விசை 1800 கிலோ அளவுல வரும், ஆனா அரை மில்லிமீட்டர் கூரை ஷீட் மொத்தமா 100 கிலோகூட தேறாது. கதவு திறந்து கிடந்தா காத்து உள்ள புகுந்து கீழேருந்தும் தள்ளும், அப்ப இன்னும் ஜாஸ்தி. அதனால காசை ஷீட் கனத்துல மட்டும் கொட்டாம தூணோட பேஸ் ப்ளேட் (அடித்தகடு), அதைக் கான்கிரீட்டோட இறுக்குற ஆங்கர் போல்ட், குறுக்குக் கம்பி இதுல போடுங்க. தூணை கான்கிரீட்ல புதைக்க வேணாம், தளத்துக்கு மேல சின்ன மேடை எழுப்பி அதுல ப்ளேட் வச்சு போல்ட் பண்ணுங்க, அப்பதான் தூணோட கால்ல தண்ணி நிக்காது.

பஃப் பேனல் சூட்டுக்கு நல்லது, மறுக்கல. ஆனா பஃப்பும் தெர்மகோலும் தீப்பிடிக்கிற சாமான். வெல்டிங் பொறி பேனல் ஜாயின்ட்டுக்குள்ள போச்சுன்னா வெளிய ஒன்னும் தெரியாது, உள்ள புகைஞ்சுகிட்டே இருக்கும். நடுவுல ராக்வூல் (கல்லை உருக்கி எடுத்த பஞ்சு) வச்ச பேனல் வாங்குங்க, அதே கனத்துக்கு சூடு தடுக்கிறது கம்மிதான், ஆனா எரியாது. பட்ஜெட் இடிச்சா கூரைக்கு மட்டும் ராக்வூல், சுவருக்கு சாதா ஷீட், அது போதும்.

கல்லுதூண்

எதைப் போட்டாலும் முதல்ல அந்தத் தண்ணி நிக்கிற இடத்தை சரி பண்ணுங்க. மண்ணை எடுத்துட்டு ஜல்லி போட்டு நல்லா இடிச்சு, பாலித்தீன் விரிச்சு, சுத்தியிருக்கிற மண்ணை விட 150 மில்லிமீட்டர் ஒசத்தி தளம் போடுங்க, கதவுப் பக்கம் மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு வைங்க.

உப்புக்காத்து

சரிங்கண்ணா, இந்த மழை முடிஞ்சதும் தளத்துலேருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஷீட்காரர்கிட்ட கோட்டிங் என்னன்னு எழுதிக் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. எழுத்துல தரலன்னா வேற ஆளைப் பாக்குறேன்.