கத்தி செட் வாங்கலாமா?

பாப்பா: புது வீட்டுக்கு கத்தி வாங்கணும். ஆன்லைன்ல மரத் தாங்கியோட 12 கத்தி செட் ஒண்ணு 1,800 ரூபாய்க்கு வருது. போட்டுடவா?

சித்தப்பா: வேண்டாம்மா. அந்தக் காசுல ரெண்டு நல்ல கத்தியும் ஒரு சாணைக்கல்லும் வாங்கிடலாம். இந்த விலை செட்ல எல்லாம் மெல்லிசு தகடு, சீக்கிரம் மழுங்கும். பாதியை நீ தொடவே மாட்ட.

பாப்பா: எந்த ரெண்டு சித்தப்பா?

சித்தப்பா: 8 அங்குல செஃப் கத்தி ஒண்ணு. கை சின்னதுன்னா 6 அங்குலம். வெங்காயம், கோஸ், கீரை, பூசணி எல்லாம் அதுலயே ஆகும். அலகு 4 செ.மீ.க்கு மேல அகலமா இருக்கணும், இல்லாட்டி நறுக்கும்போது விரல் முட்டி பலகையில இடிக்கும். அப்புறம் 3½ அங்குலத்துல சின்னது, பூண்டு, இஞ்சி, பீன்ஸ் நாருக்கு.

கோவை அத்தை: தக்காளிக்கு பல்லு வச்ச சின்னக் கத்தி ஒண்ணு சேர்த்துக்கோ கண்ணு. சாதாக் கத்தி லேசா மழுங்கினாலே தோல்ல வழுக்கி பழம் நசுங்கும். விலை குறைஞ்சதே போதும். பல்லுக் கத்தியை வீட்டுக் கல்லுல தீட்ட முடியாது, மழுங்கினா மாத்திக்க வேண்டியதுதான்.

அண்ணி: மீனுக்கு அத்தை?

கோவை அத்தை: அரிவாமனைதான். அலகு அசையாது, ரெண்டு கையாலயும் மீனைப் பிடிச்சுக்கலாம். வாழைப்பூ, பலாவுக்கும் அதான் வசதி. பலான்னா அலகுலயும் கையிலயும் எண்ணெய் தடவிக்கோ.

மதுரை மாமா: தேங்காய், ஆட்டெலும்பு ரெண்டையும் செஃப் கத்தியால வெட்டிடாத. மெல்லிசு கூர், தெறிச்சிடும்.

பாப்பா: ஸ்டெயின்லெஸ்ஸா, இரும்பா மாமா?

மதுரை மாமா: பட்டறையில அடிக்கிற கார்பன் எஃகுதான் என் ஓட்டு. கல்லுல நாலு இழுப்பு இழுத்தா கூர் வந்துடும்.

கோவை அத்தை: அண்ணா, வேலைக்குப் போற பொண்ணுக்கு அது சரிப்படாது. எலுமிச்சை, மாங்காய் பட்டா கறுக்கும். ஈரத்தோட வச்சா ராத்திரிக்குள்ள துரு. உடனே கழுவித் துடைச்சு எண்ணெய் தடவணும்.

மதுரை மாமா: அதுவும் நியாயம். ஸ்டெயின்லெஸ்ஸே வாங்கு பாப்பா. பெட்டியில ஹெச்.ஆர்.சி.ன்னு எஃகோட கடினத்தைக் காட்டுற எண் இருக்கும், அது 55-லருந்து 58-க்குள்ள போட்டிருந்தா நல்லது. 60 தாண்டினா கூர் நிக்கும், ஆனா கீழே விழுந்தா சில்லு பேரும்.

சித்தப்பா: கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை ரெண்டுலயும் நறுக்காத, கூர் உடனே போயிடும். மரமோ கெட்டி பிளாஸ்டிக்கோ போதும். பலகை நகராம இருக்க அடியில ஈரத்துணி போடு.

பாப்பா: கல்லுல தீட்டத் தெரியாதே. தெருவுல வர்ற சாணைக்காரர்ட்ட குடுக்கலாமா?

சித்தப்பா: அரிவாமனையைக் குடு. செஃப் கத்தி வேண்டாம். சக்கரம் வேகமா சுத்தும்போது மெல்லிசு கூர் சூடேறி நீலம் பாஞ்சா எஃகு இளகிடும், அப்புறம் கூர் நிக்காது.

சித்தப்பா: 1000 கிரிட் தண்ணிக்கல் வாங்கு, கிரிட்ன்னா கல்லோட சொரசொரப்பு அளவு. 10 நிமிஷம் ஊறவை. கத்தியைப் படுத்தாப்ல வச்சு, முதுகை மட்டும் ஒன்றேகால் செ.மீ. தூக்கு. 4½ செ.மீ. அகலக் கத்திக்கு அது ஏறக்குறைய 16 டிகிரி வரும். லேசா அழுத்தி அடியிலிருந்து முனைவரை தேய். கல்லுல படாத மறுபக்கத்துல, முதுகுலருந்து கூரைப் பார்க்க விரலைக் குறுக்கே தடவினா, கூர் நெடுக மெல்லிசா எஃகுப் பிசிறு தட்டுப்படும். பிசிறு வர்றதுக்கு முன்னாடி பக்கம் மாத்தினா எவ்வளவு தேய்ச்சாலும் கூர் ஏறாது. முக்காவாசிப் பேர் தவறுறது இங்கதான்.

அண்ணி: செட்டோட வர்ற எஃகுக் கம்பி போதாதா?

சித்தப்பா: அது வளைஞ்ச கூரை நிமிர்த்தும், அவ்வளவுதாம்மா. தேஞ்ச கூரைக் கல்லுதான் மறுபடி எடுக்கும்.

பாப்பா: சரி சித்தப்பா. பிசிறு வந்தப்புறம்?

சித்தப்பா: மறுபக்கமும் அதே அளவு. கடைசியில அழுத்தமே இல்லாம பக்கத்துக்கு அஞ்சு தடவை மாத்தி மாத்தி இழுத்து பிசிறை எடு. அப்புறம் ஒரு தக்காளி மேல கத்தியை அழுத்தாம இழுத்துப் பாரு, தோல் அறுந்தா சரி.