குளியலறைத் தரை: ‘ஆன்டி-ஸ்கிட்’டுக்கு என்ன சொல்?

இரா.க.:
கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம். கொத்தனார் பயிற்சிக் கையேட்டின் குளியலறைத் தரை அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ஆன்டி-ஸ்கிட் டைல்’, ‘ஸ்லிப் ரெசிஸ்டன்ஸ்’ இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. இப்போதைக்கு ‘வழுக்காத தரையோடு’ என்று போட்டிருக்கிறேன். போதுமா?

ந.செ.:
போதாது, தவறும்கூட. வழுக்காத டைல்ஸ் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு சாய்வு வரை கால் நிற்கும் என்பதுதான் கணக்கு. ஜெர்மனியின் டி.ஐ.என். தரநிலையில் 51097 என்ற சோதனையில் சாய்மேடையில் சோப்பு நீரை ஓடவிட்டு வெறுங்காலோடு நடக்கவிடுவார்கள். 12 பாகை தாங்கினால் ‘ஏ’, 18 என்றால் ‘பி’, 24 என்றால் ‘சி’. நம் கடைப் பெட்டிகளில் இருக்கும் ஆர்9, ஆர்10, ஆர்11 வேறு சோதனை (51130). அது எண்ணெய் தடவிய மேடை, காலில் காலணி; பட்டறைத் தரைக்காக வந்தது. அதில் ஆர்10 என்றால் 10 முதல் 19 பாகை. சோப்பு நுரையில் வெறுங்கால் நிற்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. குளிக்கும் இடத்துக்கு ‘பி’ இருக்கிறதா என்று கேட்பதே சரி. ‘வழுக்காத’ என்று அச்சில் படித்த பையன் வீட்டுக்காரருக்கு அப்படியே வாக்குக் கொடுத்துவிடுவான். படிநிலையைத் தாங்கும் சொல் வேண்டும். ‘வழுக்குத்தடை’ என்று வைத்தால் குறைந்த, மிகுந்த என்று அடை சேர்க்கலாம்.

பொ.மா.:
பள்ளி இலக்கணத்திலேயே சொல் இருக்க, வெளியே தேடுவானேன்? வழு, வழாநிலை, வழுவமைதி. வழுவாமல் நிற்பது வழாநிலை. ஆகவே ‘வழாநிலை ஓடு’. வழுக்கு, வழுக்கை, வழுவழுப்பு, வழும்பு எல்லாம் ஒரே கொடி. சோப்புக்கு நாம் வழங்கும் வழலையும் இதே வேரில்தான் கிளைத்திருக்க வேண்டும். வழலை நீரிலும் வழாநிலை! இதைவிட ஒரு கலைச்சொல் அமையுமா?

சு.வ.:
ஐயா, வழலை பாம்புக்கும் பெயர். அதையும் குளியலறைக்குள் விட வேண்டாம். வழாநிலை என்றால் என் மாணவர்கள் திணை, பால், இடம் என்று ஒப்பிக்கத் தொடங்குவார்கள். ‘தரையோடு’ம் இடிக்கிறது. ‘தரையோடு பதிக்கவும்’ என்பதில் ஓடு பெயரா, மூன்றாம் வேற்றுமை உருபா?

பொ.மா.:
பெயரானால் நெடில்தொடர்க் குற்றியலுகரம் டகரம் இரட்டித்துத் ‘தரையோட்டை’ என வரும். ஐயத்துக்கு இடமே இல்லை.

சு.வ.:
எழுவாயில் இரட்டிக்காதே, ஐயா. மேலும் ஓடு என்றால் ஊரில் கூரைதான். டைல்ஸை டைல்ஸாகவே விடலாம்.

பொ.மா.:
மணிமேகலை ‘சுடுமண் ஓங்கிய நெடுநிலை மனை’ என்கிறதே! ஓடு வேண்டாமென்றால் ‘சுடுமண் பாளம்’ எனலாம்.

ந.செ.:
கடைக்குப் போய்ச் சுடுமண் கேட்டால் பூந்தொட்டி தருவார்கள். இன்னொரு குழப்பத்தையும் கையேட்டில் தெளிவாக்குங்கள். விட்ரிஃபைடு (இறுகச் சுட்ட டைல்ஸ்) என்றால் வழுக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் அரை விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சாது என்பதுதான் செய்தி. பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு ஈரத்தில் கண்ணாடி மாதிரி. மேட் (பளபளப்பில்லாத) அல்லது சொரசொரப்பான மேற்பரப்பே வேண்டும். அதுவும் அளவோடு. பள்ளம் ஆழமாக இருந்தால் சோப்பு அழுக்கும் போர்த்தண்ணீர் உப்பும் அதில் அடைந்து மேற்பரப்பு மறுபடி வழவழத்துவிடும். உடனே ஆசிட் ஊற்றுவார்கள். அது டைல்ஸ் இடுக்கை அடைக்கும் சிமெண்ட் கிரவுட்டைத் தின்னும். கடப்பாக் கல் போட்டிருந்தால் கல்லையே அரிக்கும், சுண்ணாம்புக்கல்தானே.

வாட்டமும், அதாவது நீர் வடியும் சரிவும், இந்த அத்தியாயத்தில்தான் வர வேண்டும். குளிக்கும் இடத்தில் மீட்டருக்கு 12 முதல் 16 மில்லிமீட்டர். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் நான்கு பக்கமிருந்தும் நீர் வெளியேறும் ஜாலிக்கு வாட்டம் எடுக்காது. மூலைவாக்கில் வெட்டினால்தான் உட்காரும். ஒரு அடிக்கு ஒரு அடி, அல்லது அதற்கும் சிறியது நல்லது. இணைப்பு கூடக் கூடக் காலுக்குப் பிடிப்பும் கூடும்.

அ.த.:
கடைசி வரியிலேயே சொல் கிடைத்துவிட்டது: பிடிமானம். கொத்தனார் ‘கிரிப்’ என்கிறார். நாம் ‘ஈரப்பிடிமானம்’ என்போம். யாருக்கும் விளக்க வேண்டாம்.

ந.செ.:
நல்ல சொல், ஆனால் இந்த அத்தியாயத்தில் ஆபத்து. நான்கு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்து டைல்ஸ் ஒட்டினால் அடியில் வெற்றிடம் விழும். தட்டினால் டொக்கென்று கேட்கும், நீர் போய்த் தங்கும். அதைத்தான் கொத்தனார் ‘பிடிமானம் இல்லை’ என்பார். கையேடு ‘பிடிமானம் குறைவு’ என்றால் பெயர்த்து ஒட்டுவதா, வேறு டைல்ஸ் வாங்குவதா?

அ.த.:
அதற்குத்தானே ‘ஈர’ என்ற அடை?

ந.செ.:
ஈரமான கலவையின் பிடிமானம் என்று எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

சு.வ.:
‘தடை’யிலும் சிக்கல் இருக்கிறது. வேகத்தடை சாலையில் மேடு. வழுக்குத்தடை என்றதும் வாசலில் நீர் வெளியேறாமல் கட்டும் வரம்பு என்று நினைத்தால்? மின்தடை பாடநூலில் ஓம் கணக்கு, வீட்டில் கரண்ட் போவது.

இரா.க.:
நாளை காலை அனுப்பியாக வேண்டும். எண்ணிப் பார்த்ததில் வழுக்குத்தடைக்கு நால்வர், பிடிமானத்துக்கு இருவர், வழாநிலைக்கு ஐயா ஒருவர். பண்புக்கு ‘வழுக்குத்தடை’, முதலில் வருமிடத்தில் மட்டும் ‘கிரிப்’ என்று பக்கத்தில் போடுகிறேன். பொருள் ‘டைல்ஸ்’. டைல்ஸின் கீழ்ப்பக்க ஒட்டுக்குப் ‘பிடிப்பு’. ஏ, பி, சி அட்டவணையும் ஆர் எண்களும் தனித்தனிப் பெட்டியில் வரும்.

அ.த.:
பெட்டித் தலைப்பிலாவது பிடிமானம் இருக்கட்டும்.

பொ.மா.:
டைல்ஸ் என்பது பன்மை. ‘ஒரு டைல்ஸ்’ என்று அச்சிட்டால் எண் வழு. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கிரவுட்டுக்கு ‘சந்துச்சுதை’ என்று தனி இழை தொடங்குகிறேன்.