சிடி பிளேயர் டிரே திறக்க மாட்டேங்குது, மோட்டார் போச்சா?

கேள்வி:
முன்பக்கம் டிரே வெளியே வரும் வகை சிடி பிளேயர். ஓப்பன் பட்டனை அழுத்தினா உள்ளே 'உர்ர்' சத்தம் மட்டும் வருது, டிரே அசையலை. விசித்திரம் என்னன்னா, டிஸ்க் உள்ளே இருந்தா திறக்குது, காலியா மூடினாத்தான் மாட்டிக்குது. மோட்டார் மாத்தணுமா?

பதில் 1:
வேண்டாம். சத்தம் வருதுன்னா மோட்டார் சுத்துது, மோட்டார் சுத்துறதை டிரேக்குக் கொண்டு போற ரப்பர் பெல்ட்தான் வழுக்குது. டிஸ்க்கை மேலேருந்து அமுக்கிப் பிடிக்கிற வட்டத்துல காந்தம் இருக்கு. டிரே நகர்றதுக்கு முன்னாடி, டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸ் இருக்கிற பலகை கீழே இறங்கி அந்தப் பிடியை விடுவிக்கணும். அதிக பலம் தேவைப்படுற இடமே அதுதான். டிஸ்க் இருந்தா அதோட 1.2 மி.மீ. தடிமன் நடுவுல நிக்கும், காந்தப் பிடி தளர்வா இருக்கும். காலியா இருந்தா இன்னும் நெருங்கி ஒட்டிக்கும், தளர்ந்த பெல்ட்டால அதைப் பிரிக்க முடியாது. புது பெல்ட் வர்ற வரைக்கும் ஏதாவது ஒரு டிஸ்க்கை உள்ளேயே விட்டு வைங்க.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கழற்றும்போது: முதல்ல டிரேயை வெளியே கொண்டு வந்துட்டு பிளக்கை உருவுங்க. டிரேயோட முகப்புப் பட்டையை மேல்நோக்கித் தள்ளினா கழன்று வரும். அதை விட்டுட்டு முன் பேனலை இழுத்தா கொக்கி உடையும். பெல்ட் பெரும்பாலும் டிரேக்கு அடியில, மோட்டாரின் சின்ன கப்பிக்கும் பெரிய பிளாஸ்டிக் கப்பிக்கும் நடுவுல இருக்கும். டிரேயை முழுசா உருவணும்னா ரெண்டு ஓரத்திலும் உள்ள தடுப்பு நாக்கை அமுக்கணும். அதுக்கு முன்னாடி பல்சக்கரம் நிக்கிற நிலையை போட்டோ எடுத்து வைங்க. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் டிரே முழுசா மூடாது.

கேள்வி கேட்டவர்:
பெல்ட் அளவு எப்படிப் பார்க்கறது? ரப்பர் பேண்ட் போட்டா ஆகாதா?

பதில் 2:
ரப்பர் பேண்ட் சில வாரத்துல தொய்ஞ்சுடும், வேண்டாம். பழைய பெல்ட்டை ரெண்டா மடிச்சு ஸ்கேல்ல வைங்க. 38 மி.மீ. வந்தா சுற்றளவு 76. பழசு நீண்டிருக்கும், அதனால 5 சதவீதம் குறைச்சு 72 வாங்கினா சரியா இருக்கும். ரொம்ப இறுக்கமா போட்டா மோட்டார் திணறும். குறுக்குவெட்டு சதுரமா தட்டையான்னும் பார்த்துக்குங்க. மாட்டும் முன்னாடி ரெண்டு கப்பியையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைங்க. கையில இருக்கிற எண்ணெய் பட்டாலே புது பெல்ட்டும் வழுக்கும். டிரே நகர்ற தடத்துல இறுகிப்போன பழைய கிரீஸை வழிச்சு எடுத்துட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏத்த சிலிக்கான் கிரீஸ் மெல்லிசா தடவினா போதும்.

கேள்வி கேட்டவர்:
பெல்ட் மாத்தியாச்சு, நல்லா திறக்குது. ஆனா முழுசா வெளியே வந்ததும் தானாகவே உள்ளே போயிடுது.

பதில் 1:
டிரே வந்து சேர்ந்துச்சுன்னு சொல்ற சின்ன சுவிட்ச் அழுக்கா இருக்கு. ஏதோ தடுக்குதுன்னு நினைச்சு பிளேயர் திருப்பி இழுக்குது. பிளக்கை உருவிட்டு, ஆல்கஹால் தொட்ட கெட்டிக் காகிதத் துண்டை சுவிட்ச் தகடுகளுக்கு நடுவுல விட்டு மெதுவா ரெண்டு மூணு தடவை இழுங்க. உப்புத்தாள் போட்டா மேல்பூச்சு போயிடும். அப்புறம் மல்டிமீட்டர் வைங்க: சுவிட்ச் தகடுகள் ஒண்ணையொண்ணு தொட்டு நிக்கும்போது 1 ஓமுக்குக் கிட்ட காட்டணும், எகிறிக் குதிச்சா சுவிட்சையே மாத்திடுங்க. மேல்மூடி இல்லாம ஓட்டிப் பார்த்தா லென்ஸுக்கு நேரா குனியாதீங்க, லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்கு சரியாத் தெரியாது.