சைகோன் தாத்தாவின் பிஸ்கட் டப்பா: 83 படக் கார்டுகளை எப்படி அடுக்குவது?

முத்தியால்பேட்டை பேரன்:

வணக்கம். நான் கார்டு சேர்ப்பவன் இல்லை. பரண் சுத்தம் செய்யப்போய் மாட்டிக்கொண்டவன்.

எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். தாத்தாவின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். வீட்டில் அவருக்குச் சைகோன் தாத்தா என்றுதான் பெயர். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் அனுப்பிய படக் கார்டுகள் ஒரு தகர பிஸ்கட் டப்பாவில் கிடைத்தன. எண்ணிப் பார்த்தேன், 83. சைகோன் 22, போர்ட் சையித் 14, மார்செய் 11, கொழும்பு 9, சிங்கப்பூர் 7, ஜிபூட்டி 6. மீதி 14 எந்த ஊர் என்றே தெரியவில்லை.

சிக்கல் என்னவென்றால், ஒன்றில்கூடத் தேதி இல்லை. அவர் எழுதவில்லை. தபால் முத்திரையைப் பார்க்கலாம் என்றால், என் மாமா ஒருவர் சிறுவயதில் ஸ்டாம்பு சேர்த்தவர். எல்லாக் கார்டையும் தண்ணீரில் ஊறவைத்து ஸ்டாம்பை உரித்துவிட்டார். முத்திரையில் பாதி அதோடு போய்விட்டது. மிச்சப் பாதியில் ஊர்ப்பெயரின் வால் மட்டும் தெரிகிறது.

எழுத்தும் உதவாது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: "நலம். நலமறிய ஆவல்." கீழே கையெழுத்து. எங்கள் பாட்டி இதைச் சொல்லியே அவரைத் திட்டுவாராம்: ஏழு கடல் தாண்டிப் போன மனுஷனுக்கு மூணு வார்த்தைதான் வருது, கல்நெஞ்சுக்காரன் என்று.

அவருடைய மகள், எனக்கு அத்தை முறை, இன்னும் இருக்கிறார். 1935இல் கப்பல் ஏறினார், 1946இல் திரும்பினார், அதற்குப் பிறகு கடல் பக்கமே போகவில்லை என்கிறார்.

நாடுவாரியாகப் பிரித்து லேமினேட் பண்ணி வைக்கலாமா? பக்கத்துக் கடையில் நான்கைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றில் கொப்புளம் மாதிரி எழும்பிவிட்டது.

---

பழைய பேப்பர்:

நாடுவாரியாகவே பிரியுங்கள், அதுதான் வழக்கம். சைகோன் கார்டில் ஓரத்தில் தியூலஃபீஸ் என்று படம் எடுத்தவர் பெயர் அச்சிட்டிருந்தால் தனியே எடுத்து வையுங்கள், அதற்கு வாங்குகிறவர்கள் உண்டு. விற்கிற எண்ணம் இருந்தால் சொல்லுங்கள்.

---

சார்ட்டிங் சரோஜா:

தம்பி, முதலில் அந்த லேமினேஷன் மெஷின் பக்கம் போகாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது; பிரித்தால் படம் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். அந்த நான்கையும் அப்படியே விட்டுவிடுங்கள், சொறியாதீர்கள்.

நான் 31 வருடம் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் ராத்திரி ராத்திரியாகக் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவள். படக் கார்டு பிடித்துப்போனது அங்கேதான். ஆனால் துறைமுகக் கார்டு மட்டும்தான் சேர்ப்பேன். மலை, அருவி, பனி, மான் எதுவும் வேண்டாம். மலை எந்த வருடத்துக் கார்டிலும் ஒரே மாதிரி நிற்கும். துறைமுகத்தில் பத்து வருடத்துக்கு ஒருமுறை எதையாவது கட்டுவார்கள், எதையாவது இடிப்பார்கள். தேதி இல்லாத கார்டுக்கு அதுதான் தேதி.

இப்போது உங்கள் தாத்தாவின் மூன்று வார்த்தை. அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை, சிக்கனக்காரர். அந்தக் காலத்துப் பிரெஞ்சுத் தபாலில் படக் கார்டுக்கு இரண்டு கட்டணம். விரும்பியபடி எழுதினால் முழுக் கட்டணம். நலம் விசாரித்து ஐந்து வார்த்தைக்குள் முடித்தால் குறைந்த கட்டணம். "நலம். நலமறிய ஆவல்." எண்ணிப் பாருங்கள். சொல்தாவின் சம்பளத்தில் 83 கார்டு அனுப்பியவர், கட்டணத்துக்கு அடங்குகிற மாதிரி அன்பை மடித்து அனுப்பியிருக்கிறார். பாட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

தேதிக்கு வருவோம். கார்டின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி என்று இருக்கிறதா? பிரான்சில் அது 1904இல்தான் வந்தது. அதற்கு முன் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும். சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதுவார்கள். உங்களுடையதில் கோடு இருக்கும். இல்லாதது ஒன்று அகப்பட்டால் கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

சைகோன் கார்டில் மாதா கோயில் இருக்கும், இல்லாமல் இருக்காது. அதன் முன்னால் என்ன சிலை என்று பாருங்கள். ஒரு பிஷப் ஒரு சிறுவனைக் கையில் பிடித்து நின்றால் அந்தப் படம் 1903க்கும் 1945க்கும் நடுவில் எடுத்தது. இப்போது நிற்கிற மாதா சிலை 1959இல் வைத்தது.

போர்ட் சையித்தில் அலைதடுப்புச் சுவரின் மேல் கைநீட்டி நிற்பவர் லெசெப்ஸ், சூயஸ் கால்வாய்க்காரர். 1899இல் நிறுத்தினார்கள். கால்வாய்ச் சண்டை முடிந்த கையோடு, 1956 டிசம்பரில் எகிப்துக்காரர்கள் வெடிவைத்துத் தள்ளிவிட்டார்கள்.

மார்செய்தான் எனக்குப் பிடித்தது. பழைய துறைமுகத்தின் வாய்க்குக் குறுக்கே ஒரு இரும்புப் பாலம் நின்றது. இரண்டு கோபுரம், ஒவ்வொன்றும் 80 மீட்டருக்கு மேல். உச்சியில் ஓர் உத்தரம். அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் தட்டு, ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும். கீழே கப்பல்கள் தடையில்லாமல் நுழையும். 1905இல் கட்டினது. 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர் பின்வாங்கும்போது வெடிவைத்தார்கள். உங்கள் 11 கார்டிலும் பாலம் இருக்கிறதா?

ஒன்றை மறக்க வேண்டாம். படம் "இதற்கு முன்னால் இல்லை" என்றுதான் சொல்லும். "இதற்குப் பின்னால் இல்லை" என்று சொல்லாது. இடிந்துபோன பாலத்தின் கார்டைக் கடைக்காரர் தீரும்வரை விற்பார்.

அடுக்குகிற விதம்: நாடுவாரியாக வேண்டாம். கப்பல் போன வழியில் அடுக்குங்கள். மெஸாஜெரி மரித்தீம் கம்பெனியின் கீழ்த்திசைக் கப்பல் மார்செய், போர்ட் சையித், ஜிபூட்டி, கொழும்பு, சிங்கப்பூர், சைகோன் என்று போகும். உங்கள் பட்டியலைப் படித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனி அட்டவணையைப் பிரதி எடுத்த மாதிரி இருக்கிறது. நாடுவாரியாகப் பிரித்தால் எகிப்து, இலங்கை, வியட்நாம் என்று ஆறு மூட்டை. வழியாக அடுக்கினால் அது அவர் போன பயணம்.

---

மெய்ப்பார்ப்பவன்:

சரோஜா அம்மாவின் தகவல்கள் சரிதான். ஒரு எச்சரிக்கை. மார்செய் கார்டில் பாலம் இல்லை என்றால் 1944க்குப் பிந்தையது என்று குதித்துவிடக் கூடாது. படம் பிடித்தவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றார் என்று பார்க்க வேண்டும். குன்றின்மேல் நோத்ர் தாம் த லா கார்த் கோயில் மட்டும் தெரிந்தால் பாலம் சட்டத்துக்கு வெளியே இருக்கலாம். துறைமுக வாயில், அதன் பக்கத்தில் சான் ழான் கோட்டை, இவை தெரிந்தும் பாலம் இல்லை என்றால் பேசலாம். அப்போதுகூட 1905க்கு முந்தையதாக இருக்கலாம்.

இன்னொன்று, அந்தக் காலத்தில் பகலில் எடுத்த படத்துக்கே நீலம் பூசி, மேலே ஒரு நிலாவை வரைந்து, "நிலவொளியில்" என்று விற்றிருக்கிறார்கள். கார்டு சாட்சிதான், பொய்சொல்லத் தெரிந்த சாட்சி.

---

முத்தியால்பேட்டை பேரன்:

சரோஜா அம்மா, இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை.

சைகோன் கார்டுகளில் மாதா கோயில் மொத்தம் ஐந்து. எல்லாவற்றிலும் பிஷப்பும் சிறுவனும். போர்ட் சையித்தில் லெசெப்ஸ் கைநீட்டியபடி நிற்கிறார். மார்செய் கார்டு பத்தில் பாலம் இருக்கிறது.

பதினொன்றாவதில் இல்லை. மெய்ப்பார்ப்பவன் சொன்னபடி பார்த்தேன், துறைமுக வாய் திறந்து கிடக்கிறது, கோட்டை தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கார்டே மற்றவை மாதிரி இல்லை. பளபளவென்று இருக்கிறது, ஓரம் வெட்டுப்பல் மாதிரி அலை அலையாக. கரையில் பழைய கட்டடம் ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், வரிசையாகப் புதுக் கட்டடங்கள். வீட்டு வசதி வாரியம் கட்டினது போல.

---

சார்ட்டிங் சரோஜா:

நடுவில் இருப்பது நகரசபைக் கட்டடம். 1943இன் தொடக்கத்தில் ஜெர்மானியர் அந்தக் கரையில் இருந்த பழைய குடியிருப்பைக் காலிபண்ணி வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். நகரசபை போன்ற ஒருசில கட்டடங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அதன் இரு பக்கமும் நீங்கள் பார்க்கிற வரிசை போருக்குப் பிறகு கட்டினது, 1950களில் எழுந்தது. கட்டடக் கலைஞர் ஃபெர்னாந் பூயியோன்.

அலை வெட்டின ஓரமும் பளபளப்பும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது. அதற்கு முந்தைய கார்டுகளுக்கு ஓரம் பெரும்பாலும் நேராக இருக்கும். 9க்கு 14 சென்டிமீட்டர். அளந்து பாருங்கள்.

ஆக, 1946இல் ஊர் திரும்பினவர் 1950களில் மார்செயிலிருந்து ஒரு கார்டு அனுப்பியிருக்கிறார். அல்லது வேறு யாரோ அனுப்பி அவர் டப்பாவில் சேர்ந்திருக்கிறது. கையெழுத்து அவருடையதுதானா?

---

முத்தியால்பேட்டை பேரன்:

அவருடையதுதான். "ந"வுக்கு அவர் போடுகிற சுழி அப்படியே இருக்கிறது. ஆனால் இதில் மட்டும் நலமறிய ஆவல் இல்லை. பின்பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார், முகவரிக் கோட்டைத் தாண்டிக்கூட. மாமா ஊறவைத்ததில் மை கரைந்துபோய் ஒரு வரியும் தொடர்ச்சியாகப் படிக்க முடியவில்லை.

---

சார்ட்டிங் சரோஜா:

அப்போ அதற்கு முழுக் கட்டணம் கட்டியிருக்கிறார்.

கரைந்த மையைப் பற்றிக் கவலை வேண்டாம், ஸ்கேன் எடுத்துக் கணினியில் நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் பாதியாவது தேறும். வேறு எதையும் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் எடுங்கள். அப்புறம் பின்பக்க மூலையில் 2பி பென்சிலால், அழுத்தாமல், எண் போடுங்கள். பேனா கூடாது. செல்லோ டேப், பசை எதுவும் வேண்டாம்.

கவர் வாங்கும்போது மோந்து பாருங்கள். புது ரெக்சின் பை மாதிரி வாசனை அடித்தால் அது பிவிசி. நாள்பட நாள்பட எண்ணெய் விட்டுப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். முத்தியால்பேட்டையில் கடற்காற்று வேறு. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாதம் ஒருமுறை பாருங்கள். பூச்சிக்கு நான் பீரோவில் வசம்பைத் துணியில் முடிந்து வைக்கிறேன். எங்கள் அம்மா புத்தகத்துக்கு வைத்தது. கார்டில் படாமல் தள்ளி வையுங்கள்.

---

பழைய பேப்பர்:

தியூலஃபீஸ் இருக்கிறதா இல்லையா?

---

முத்தியால்பேட்டை பேரன்:

இருக்கிறது. மூன்று. அவரும் முதலில் படைவீரராக அந்தப் பக்கம் போய், பிறகு படம் எடுக்க ஆரம்பித்தவர் என்று படித்தேன். விற்கவில்லை ஐயா.

எண் போட்டு முடித்துவிட்டேன். கொழும்புக் கார்டுகளில் ஒரு வேடிக்கை, மணிக்கூண்டு என்று நினைத்தது கலங்கரை விளக்கமும்தானாம். ஒரே கோபுரத்தில் இரண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். தாத்தா அதையே நான்கு முறை வாங்கி அனுப்பியிருக்கிறார்.

மார்செய் பதினொன்றாவதுக்கு 43ஆம் எண். நேற்று அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாலத்தைப் பற்றி, புதுக் கட்டடங்களைப் பற்றி, நீங்கள் சொன்னதையெல்லாம் சொன்னேன். 1946க்குப் பிறகு இன்னொரு தடவை போனாரா அத்தை என்று கேட்டேன். படத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாத இடத்தில் அவர் கண் வரி வரியாக நகர்ந்தது. அப்புறம் கார்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து மூடிவிட்டு, காபி சாப்பிடுறியா என்றார்.

கிளம்பும்போது கேட்டேன். தரவில்லை. டப்பாவில் இப்போது 82.

---

சார்ட்டிங் சரோஜா:

கேட்காதீர்கள் தம்பி. 43க்கு ஒரு வெற்றுக் கவரை விட்டு மற்றதை அடுக்குங்கள்.

ஸ்கேன் எடுத்துவிட்டீர்கள் இல்லையா?

---

முத்தியால்பேட்டை பேரன்:

முன்பக்கம் மட்டும்.