"மறைத்தார்" என்று எழுதினால் மட்டும் போதுமா? வரி ஏய்ப்பு நோட்டீஸ் வாங்கியவர்களின் அனுபவங்கள்

நெல்லை டவுன் பாத்திரக்கடை

2018-19 நிதியாண்டுக்காக எனக்கு 2024 ஜூன் மாதம் ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 74-இன் கீழ், அதாவது வேண்டுமென்றே வரி ஏய்த்ததாகச் சொல்லும் பிரிவில், நோட்டீஸ் வந்தது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் 3பி படிவத்தில், சரக்கு வாங்கும்போது கட்டியது என்று நான் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரிக்கும், சரக்கு அனுப்பியவர்களின் கணக்கிலிருந்து உருவாகும் 2ஏ படிவத்தில் தெரிந்த தொகைக்கும் இடையே இருந்த வித்தியாசமே குற்றச்சாட்டு. சரக்கு அனுப்பியவர் தம் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டால் இப்படித்தான் ஆகும் என்பதை இங்கிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்னை இன்றுவரை உறுத்துவது தொகை அன்று. நான்கு பக்க நோட்டீஸின் மூன்றாம் பக்கத்தில், நான் என் சூளையில் அறுத்த செங்கல்லின் எண்ணிக்கையை மறைத்ததாக ஒரு வரி இருந்தது. நான் எவர்சில்வரும் பித்தளையும் விற்கிறவன். எந்தச் சூளைக்காரருக்கோ எழுதிய பத்தியை என் நோட்டீஸில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்தால், நான் எதை மறைத்தேன் என்று சொல்லும் இடம் அதில் வேறு எங்குமே இல்லை. சாதாரண நோட்டீஸுக்கான பிரிவு 73-இல் அந்த ஆண்டுக்கு ஆணை பிறப்பிக்கும் கெடு 2024 ஏப்ரல் 30-உடன் முடிந்துவிட்டது, மறைத்ததாக எழுதினால்தான் கூடுதல் காலம் உள்ள 74-ஐ எடுக்க முடியும் என்று ஆடிட்டர் சொன்ன பிறகுதான், அந்தச் செங்கல் எதற்காக வந்தது என்பது எனக்கு விளங்கிற்று.

அம்பை அரிசி மண்டி

உங்களுக்காவது நோட்டீஸ் கண்ணில் பட்டது, அண்ணாச்சி. எனக்கு வந்தது ஜி.எஸ்.டி. போர்ட்டலில் வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தில் இல்லை. கூடுதல் நோட்டீஸ்கள் என்று ஒதுக்குப்புறமாக இருக்கும் பகுதியில் ஏற்றப்பட்டு, ஆணையும் அங்கேயே பிறந்து, அதற்குப் பிறகு நான் நெல் வியாபாரிக்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்தபோதுதான் வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட செய்தி தெரிந்தது. பதில் தர 30 நாள் கெடு கொடுத்துவிட்டு, நேர்முக விசாரணையை 20-ஆம் நாளில் வைத்திருந்தார்கள். பதிலே வராத நிலையில் எதை விசாரிப்பார்கள் என்று கேட்க அன்று அங்கு நான் இல்லை.

பணி நிறைவு பெற்றவன், பாளையங்கோட்டை

வரித்துறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிவு 74-இல் 2024 வரை இருந்த விளக்கம் 2-ஐப் படித்துப் பாருங்கள்: கணக்கில் காட்ட வேண்டியதைக் காட்டாமல் விடுவதும், எழுத்து மூலம் கேட்ட தகவலைக் கொடுக்காமல் இருப்பதும் "மறைத்தல்" என்றே அங்கு எழுதியிருந்தது. செங்கல் தவறுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பத்தி தவறு என்பதற்காக நோட்டீஸ் முழுவதும் செல்லாமல் போய்விடாது. ஏய்ப்பு நிரூபணமாகவில்லை என்றால் பிரிவு 75(2)-இன்படி அதைப் பிரிவு 73-இன் நோட்டீஸாகக் கொண்டு வரியை நிர்ணயிப்பார்கள்.

முறையாக எழுதிய நோட்டீஸையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் ரசீது போடாத விற்பனையைக் குறித்து வைத்த துண்டுச் சீட்டுக் கட்டு கிடைத்தது. ஒவ்வொரு சீட்டின் நகலையும், தேதியையும், அந்தத் தேதியில் கணக்கில் காட்டிய விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நோட்டீஸுடன் இணைத்தோம். அந்த வியாபாரி தம் கையெழுத்தின் நகலை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்; ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் 25 சதவீதத் தண்டத்தையும் கட்டி முடித்துவிட்டார்.

கணக்கர், வள்ளியூர்

ஐயா சொன்னது பாதிதான் சரி. 75(2) இருக்கிறது, உண்மை. ஆனால் மத்திய மறைமுக வரி வாரியத்தின் 2022 டிசம்பர் 27-ஆம் தேதியிட்ட 185-ஆம் எண் சுற்றறிக்கை அதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது: பிரிவு 73-இல் நோட்டீஸ் கொடுக்க உள்ள கெடுவுக்குள் 74-இன் நோட்டீஸ் வந்திருந்தால் மட்டுமே அதை 73-ஆக மாற்றிக்கொள்ள முடியும், கெடு கழிந்த பின் வந்திருந்தால் அந்த நடவடிக்கையையே கைவிட வேண்டும். டவுன் அண்ணாச்சியின் வழக்கு இதில்தான் நிற்கிறது. விளக்கம் 2-ஐப் பொறுத்தமட்டில், அந்தச் சொல்லுக்கு முன்னால் சட்டம் "வரியை ஏய்க்கும் நோக்கத்துடன்" என்ற நிபந்தனையையும் வைத்திருப்பதை ஐயா தாண்டிப் போய்விட்டார். பழைய கலால் சட்டத்தின் கீழ் வந்த புஷ்பம் பார்மசூட்டிகல்ஸ் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம், இரு தரப்புக்கும் தெரிந்த செய்தியை ஒருவர் சொல்லாமல் விட்டது மறைத்தல் ஆகாது என்று கூறிவிட்டது. அதே மத்திய வாரியமும் 2023 டிசம்பர் 13-இல் தன் அதிகாரிகளுக்கு, வரி கட்டவில்லை என்பதால் மட்டும் 74-ஐ எடுக்கக் கூடாது, ஏய்ப்புக்கான சான்று நோட்டீஸிலேயே இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

எனவே நோட்டீஸ் வந்ததும் எல்லாரும் முதலில் பிரிவு எண்ணையும் தேதியையும் பாருங்கள். பதிலை எழுதும்போது வித்தியாசத் தொகைக்குக் கணக்குச் சொல்வதோடு நின்றுவிடாமல், "நான் எந்தத் தகவலை, எந்தப் படிவத்தில், எப்போது மறைத்தேன் என்று நோட்டீஸ் கூறவில்லை" என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். 75(7)-இன்படி நோட்டீஸில் இல்லாத காரணத்தை ஆணையில் புகுத்த முடியாது. நேர்முக விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம், அதற்கு மேல் இல்லை. போர்ட்டலை வாரம் ஒரு முறை திறந்து எல்லாப் பகுதிகளையும் பாருங்கள். 2024-25 நிதியாண்டு முதல் 74ஏ என்ற புதிய பிரிவு வந்து இரு வகை நோட்டீஸுக்கும் ஒரே 42 மாதக் கெடு ஆகிவிட்டதால் கால வாதம் இனி பெரும்பாலும் எடுபடாது. ஆனால் தண்டம் 10 சதவீதமா முழு வரியளவா என்ற வேறுபாடு அப்படியே இருக்கிறது. என் சொந்த அனுபவம் என்று தனியாக ஒன்றும் இல்லை. கட்சிக்காரர்களுக்காக எழுதிய பதில்கள்தான்.

கல்லிடைக்குறிச்சி

இங்கு அறிவுரை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை; ஆனாலும் எழுதியதில் தவறில்லை. எங்கள் வீட்டில் அப்பளத்தோடு, எந்திரத்தில் பிழிந்து உலர்த்தும் குழாய் வடகமும் போடுகிறோம். அதையும் அப்பளம்போல் வரியில்லாப் பொருள் என்றே மாதந்தோறும் கணக்கில் காட்டி வந்தோம். 2022-இல், அது 18 சதவீதப் பொருள், நாங்கள் அதை மறைத்துவிட்டோம் என்று நோட்டீஸ் வந்தது. விசாரணையில் அதிகாரி ஒரு வடகத்தை மேசையில் உருட்டிவிட்டு, "இது அப்பளமா அம்மா?" என்று கேட்டார். அது அப்பளமா இல்லையா என்பது விவாதத்துக்குரியதாகவே இருக்கட்டும்; மாதாமாதம் நாங்களே எழுதிக் கொடுத்த எண்ணைப் பார்த்துத்தானே அவர் வரியைக் கணக்கிட்டிருந்தார், அப்புறம் எதை மறைத்தோம் என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

2023 ஜூலை 27 முதல் அந்தப் பொருளுக்கு 5 சதவீதம் என்று அறிவித்து, முந்தைய காலத்தை இருந்த நிலையிலேயே ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் நோட்டீஸைக் கைவிடும் ஆணை சில வரிகளில் வந்தது. மறைத்தோம் என்று எழுதியதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நெல்லை டவுன் பாத்திரக்கடை

கணக்கர் குறிப்பிட்ட சுற்றறிக்கையை ஆடிட்டரிடம் காட்டினேன். அதை மேல்முறையீட்டில் ஏற்கெனவே சேர்த்திருப்பதாகச் சொன்னார். மேல்முறையீட்டுக்காக முன்கூட்டிக் கட்ட வேண்டிய 10 சதவீத வரியைக் கட்டியிருக்கிறோம். செங்கல் பக்கத்தையும் தனி இணைப்பாக வைத்திருக்கிறோம். விசாரணைக்குத் தேதி இன்னும் வரவில்லை.