பல ஊர் இறங்கிப் போகும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்: சேலத்துக்காரர்களின் அனுபவப் பகிர்வு (எழுதியவர் பெயருக்குப் பதில் அவரவர் பகுதி)

அஸ்தம்பட்டி

சேலத்திலிருந்து கிளம்பி லண்டனில் ஒரு வாரம், நியூயார்க்கில் மூன்று வாரம், திரும்பும் வழியில் டோஹாவில் இரண்டு நாள். பெரியவர்கள் இரண்டு பேர். கால் நீட்டிப் படுத்துப் போக வேண்டும். எந்தத் தளத்தில் மல்டி சிட்டி போட்டாலும் விலை மலைக்க வைக்கிறது. அதே இருவர் நேராக நியூயார்க் போய்த் திரும்பினால் எவ்வளவோ குறைவு. எங்கே கை வைத்தால் இறங்கும்? தெரிந்தவர்கள் ரூட், விதி, கணக்கோடு எழுதுங்கள். "அதிர்ஷ்டம், கவுண்டரில் அப்கிரேட் போட்டுக் கொடுத்தாங்க" கதைகள் இந்த இழையில் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை

ஊர் கூடினதால ஏறலைங்க, டிக்கெட் தப்பான இடத்துல துண்டாகிறதால ஏறுது. மல்டி சிட்டி பெட்டியில் நாலு வரி அடித்தால் பல தளங்கள் நாலு ஒன்வே கட்டணத்தை எடுத்து அப்படியே கூட்டிவிடும். பிசினஸில் ஒன்வே என்பது ரிட்டர்னில் சரிபாதி அல்ல, பல நிறுவனங்களில் அதைவிட நன்றாகவே கூடுதல். துணிக்கடையில் முழு பீஸாக எடுப்பதற்கும் மீட்டர் கணக்கில் கிழித்து வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

உங்கள் ரூட்டில் நியூயார்க்தான் திரும்பும் ஊர். பெங்களூருவில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், கட்டணம் பெங்களூரு–நியூயார்க் ரிட்டர்ன் என்றே அமைய வேண்டும். லண்டன் போகிற வழியில் ஒரு ஸ்டாப்ஓவர், டோஹா வருகிற வழியில் ஒரு ஸ்டாப்ஓவர். சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்துக்குள் மாறிவிட்டால் டிரான்ஸிட், அதைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர். போகும்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ், வரும்போது கத்தார் என்று பாதிப் பாதியாகச் சேர்க்க முடியுமா என்பதைக் கட்டண விதிதான் சொல்லும். டிராவல்ஸில் போய் "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டால் அவர்களும் அதே பெட்டியில் அதே நாலு வரியைத்தான் அடிப்பார்கள். டிராவல்ஸில் டிக்கெட் போடும் கணினி அமைப்பு அமேடியஸ்; எஃப்க்யூடி, எஃப்க்யூஎன் அதில் அடிக்கும் கட்டளைகள். இப்படிக் கேளுங்கள்: "அமேடியஸில் எஃப்க்யூடி போட்டு பெங்களூரு–நியூயார்க் பிசினஸ் கட்டணங்களைக் காட்டுங்க. அடியிலிருந்து முதல் மூன்றுக்கு எஃப்க்யூஎன் போட்டு விதியை எடுங்க." அதில் பார்க்க வேண்டியது மூன்று. கேட்டகரி 8 ஸ்டாப்ஓவர்: எத்தனை, எந்த ஊரில், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு. கேட்டகரி 10: வேறு கட்டணத்தோடு, வேறு நிறுவனத்தோடு சேருமா. கேட்டகரி 16: தேதி மாற்றம், ரத்துக்கான அபராதம். அடிமட்டக் கட்டணத்தில் பெரும்பாலும் ஸ்டாப்ஓவர் கிடையாது என்று இருக்கும், அதற்கு ஒரு படி மேலே உள்ளதில் கட்டணத்தோடு அனுமதி இருக்கும். அந்த ஒரு படி ஏறுவதற்கு ஆகும் பணம், டிக்கெட்டை இரண்டாக வெட்டுவதற்கு ஆகும் பணத்தைவிட அநேகமாகக் குறைவு.

இன்னொன்று மைலேஜ். திரும்பும் ஊருக்கு இத்தனை மைல் வரை சுற்றலாம் என்று ஒரு உச்சவரம்பு உண்டு. தாண்டினால் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று படிப்படியாகக் கூடும். 25-க்கும் மேலே போனால் அந்தக் கட்டணமே உடையும், வேறு ஊரில் துண்டு போட வேண்டும். லண்டன், டோஹா இரண்டும் வழியிலேயே இருப்பதால் உங்களுக்கு இது இடிக்காது. நடுவில் கேப் டவுன் சேர்த்தால் இடிக்கும்.

அழகாபுரம்

அண்ணன் சொன்னதற்கு ஒரு ஒட்டு. டிக்கெட் போட்ட பிறகு ஃபேர் கால்குலேஷன் என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். ஊர்க் குறியீடுகளும் எண்களும் கலந்து, பார்க்கக் கண்ணைக் கட்டும். ஊருக்கு முன்னால் எக்ஸ் எழுத்தும் சாய்கோடும் இருந்தால் அது வெறுமனே விமானம் மாறும் ஊர். எக்ஸ் இல்லாவிட்டால் ஸ்டாப்ஓவர். '10எம்' போல எண்ணும் எம்மும் சேர்ந்து வந்தால் மைலேஜ் தாண்டி 10 சதவீதம் கூடுதல் கட்டியிருக்கிறீர்கள். ஸ்டாப்ஓவர் போன்ற கூடுதல் கட்டணங்கள் தவிர, நடு நடுவே தொகை வருகிற ஒவ்வொரு இடமும் ஒரு கட்டணத் துண்டு. உங்கள் டிக்கெட்டில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கட்டணத் தொகைதான் இருக்க வேண்டும். மூன்று, நாலு இருந்தால் எங்கோ தேவையில்லாமல் வெட்டியிருக்கிறது. எந்த ஊரில் என்பதும் அந்த வரியிலேயே தெரியும்.

நாகலூர், ஏற்காடு

லண்டனில் ஒரு வாரம் தங்கிவிட்டு அங்கிருந்தே பிசினஸில் நியூயார்க் ஏறினால் பிரிட்டன் அரசின் விமானப் பயணி வரி விழும். எகானமிக்கு ஒரு விகிதம், அதற்கு மேற்பட்ட கேபினுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதல். அமெரிக்க தூரத்துக்குத் தலைக்கு 200 பவுண்டைத் தாண்டும். டிக்கெட்டின் வரிப் பகுதியில் 'ஜிபி' என்று இருப்பது இதுதான். ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் மாறிப் போகிறவர்களுக்கு இது கிடையாது. தங்குகிறவர்களுக்குத்தான்.

சுற்றுவழி ஒன்று உண்டு. லண்டனில் இறங்கி, தங்கி, தனியாக ஒரு சின்ன எகானமி டிக்கெட்டில் டப்ளின் போய், அங்கிருந்து நியூயார்க் ஏறுவது. அயர்லாந்து இந்த வகை வரியை 2014-ல் எடுத்துவிட்டது. லண்டன்–டப்ளின் எகானமிக்குப் பிரிட்டன் வரி குறைந்த விகிதம்தான். இன்னொரு லாபம்: அமெரிக்க குடிநுழைவுச் சோதனை டப்ளினிலேயே முடிந்துவிடும், நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணிபோல வெளியே வரலாம். ஆனால் இரண்டு நிபந்தனை. பிரிட்டன் விசாவில் பிஐவிஎஸ் (பிரிட்டன்–அயர்லாந்து கூட்டு விசாத் திட்டம்) என்று குறிப்பு இருந்தால்தான் அதை வைத்து அயர்லாந்துக்குள் நுழையலாம். இல்லாவிட்டால் தனி விசா. அடுத்து, லண்டன்–டப்ளின் இடைவெளி முக்கிய டிக்கெட்டில் தரைவழித் துண்டாக, அதாவது அந்த டிக்கெட்டில் விமானம் இல்லாத இடைவெளியாக, பதிவாக வேண்டும். அதைக் கட்டண விதி ஏற்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

யூரோஸ்டார் ரயிலில் பாரிஸ் போய் அங்கிருந்து ஏறலாமே என்று பலர் கேட்பார்கள். பிரான்ஸும் 2025 மார்ச்சில் வரியை ஏற்றிவிட்டது, பிசினஸில் நெடுந்தூரத்துக்கு 120 யூரோ. லண்டனைவிடக் குறைவுதான், ஷெங்கன் விசா கையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் யோசிக்கத் தகுந்தது.

சூரமங்கலம்

யாரும் இன்னும் கொழும்பைத் தொடவில்லை. கட்டணம் எந்த ஊரில் தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் விலை. ஒரே விமானம், ஒரே இருக்கை, பெங்களூருவில் தொடங்கினால் ஒன்று, கொழும்பில் தொடங்கினால் ஒன்று. கொழும்பிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா பிசினஸ் கட்டணம் அடிக்கடி குறைவாகவே கிடைக்கிறது. நமக்குத் திருச்சி சுமார் 140 கிலோமீட்டர். அங்கிருந்து ஸ்ரீலங்கன் விமானத்தில் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளி பக்கம், சேலத்திலிருந்து 240 கிலோமீட்டர் சுமாருக்கு வரும், ஓசூர் தாண்டின பிறகு எத்தனை மணி நேரம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

கணக்கை மட்டும் முழுசாகப் போடுங்கள். திருச்சி–கொழும்பு தனி டிக்கெட், போக வர இருவருக்கும். தனி டிக்கெட் என்பதால் பெட்டி நேராகப் போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே வந்து எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இலங்கை இடிஏ (இணையவழிப் பயண அனுமதி) வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஆகவே முந்தின நாளே போய் நீர்கொழும்பில் ஒரு இரவு. பல கார்டுகளில் அந்நிய நாணய மார்க்கப் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம்: 3,00,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 12,390. இதெல்லாம் கழித்து இருவருக்கும் சேர்த்து 60,000 கூட மிஞ்சாவிட்டால் இந்த வயதில் அலைச்சல் வேண்டாம் என்பது என் கருத்து.

செவ்வாய்ப்பேட்டை

கொழும்பு ரூட்டை நான் பெரியவர்களுக்குச் சொல்ல மாட்டேன். திரும்பும்போதும் டிக்கெட் கொழும்பில்தான் முடியும், நியூயார்க்கிலிருந்து வந்து களைத்த உடம்போடு இன்னொரு விமானம். பலர் போடுகிற குறுக்கு யோசனை: "கொழும்பு–டோஹா துண்டை விட்டுவிட்டு நேரா டோஹாவுல போய் ஏறிக்கலாமே?" முடியாதுங்க. முதல் துண்டில் ஏறாவிட்டால் நோ-ஷோ, பின்னால் உள்ள எல்லாத் துண்டும் தானாக ரத்தாகும். கவுண்டரில் அழுதாலும் திரும்ப வராது.

ஐந்து ரோடு

வரி பற்றி. 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி தவிர்த்த கேபின்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. எகானமி 5-லேயே நிற்கிறது. டிக்கெட்டில் 'கே3' என்ற குறியீடு. இந்தியாவில் ஏறும் பயணத்தின் கட்டணம் 2,50,000 என்றால் 45,000 வரி. இது தொழில் பயணமாக இருந்து நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி பதிவும் இருந்தால், புக் செய்யும்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் பெயரில் விலைப்பட்டியல் வாங்குங்கள், உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். கொலுசு, ஜவுளி ஏற்றுமதி பண்ணுகிற பலர் எண்ணைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு அலைகிறார்கள். பிள்ளையைப் பார்க்கப் போகிற பயணத்துக்கு இதைக் காட்டாதீர்கள்.

டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி): வெறும் டிக்கெட்டுக்குக் கிடையாது. அதே இடத்தில் ஓட்டலையும் சேர்த்து ஒரே பேக்கேஜாக வாங்கினால் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு ஆகிவிடும், டிசிஎஸ் பிடிப்பார்கள். வருமான வரித் துறையின் 2023 ஜூன் 30 சுற்றறிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. டோஹா ஓட்டலைத் தனியாகப் போடுங்கள்.

அழகாபுரம்

பிசினஸ் என்று பெயர் இருந்தால் போதாது, எந்த விமானம் என்று பாருங்கள். மலேசியா ஏர்லைன்ஸின் 737-ல் சாய்வு நாற்காலிதான், படுக்கை கிடையாது. ஏர் இந்தியாவின் ஏ350-ல் வரிசைக்கு 1-2-1 இருக்கை, கதவோடு. மாற்றி அமைக்காத பழைய 787-ல் 2-2-2. பிரிட்டிஷ் ஏர்வேஸின் புதிய கிளப் சூட்டில் எல்லோருக்கும் நடைபாதை. பழைய கிளப் வேர்ல்டில் ஜன்னலோரத்துக்காரர் எழுந்து போக அடுத்தவர் நீட்டிய காலைத் தாண்ட வேண்டும், முட்டி வலி உள்ளவர்களுக்கு அது சித்திரவதை. இருக்கைப் படத்தைத் திறந்து வரிசையில் எத்தனை என்று எண்ணுங்கள், ஐந்து நிமிட வேலை.

தேடல் தளங்களின் மற்றொரு கோளாறு: நெடுந்தூரத் துண்டு பிசினஸ், குட்டித் துண்டு எகானமி என்றாலும் மேலே 'பிசினஸ்' என்றே போடும். நேர்மாறாகவும் நடக்கும், அது மோசம். ஒவ்வொரு துண்டையும் விரித்துப் பாருங்கள். அடிமட்டக் கட்டணங்களின் பெயர்களையும் கவனியுங்கள். கத்தாரின் பிசினஸ் லைட்டில் லவுஞ்சும் இலவச இருக்கைத் தேர்வும் கிடையாது, எமிரேட்ஸின் பிசினஸ் ஸ்பெஷலில் லவுஞ்சும் காரும் கிடையாது. டோஹாவில் ஐந்து மணி நேரம் மாறக் காத்திருக்கிற பெரியவர்களுக்கு லவுஞ்ச் இல்லாத பிசினஸ் பாதிப் பயன்தான்.

பணத்தை மிச்சம் பிடிக்க நல்ல வழி, இரவு விமானத்துக்கு மட்டும் பிசினஸ். பல நிறுவனங்களில் போக ஒரு கேபின், வர ஒரு கேபின் பாதிப் பாதியாகச் சேரும். பகலில் பறக்கும் பக்கத்துக்கு பிரீமியம் எகானமி போதும்.

அஸ்தம்பட்டி

உலகம் சுற்றும் டிக்கெட் என்கிறார்களே, அது தேறுமா? நம்ம காமலாபுரம் விமான நிலையத்திலிருந்தே டிக்கெட்டைத் தொடங்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை

உங்கள் ரூட்டுக்கு வேண்டாம். ஒன்வேர்ல்ட் கூட்டணி நிறுவனங்களின் உலகம் சுற்றும் டிக்கெட்டான ஒன்வேர்ல்ட் எக்ஸ்ப்ளோரர் கண்டங்களின் எண்ணிக்கையில் விலை போடுகிறது, ஒரே திசையில் போய் அட்லாண்டிக், பசிபிக் இரண்டையும் தாண்ட வேண்டும். 16 துண்டு வரை, ஒரு வருடம் செல்லும், தரைவழித் துண்டும் அந்தப் பதினாறில் ஒன்று. லண்டன், நியூயார்க், டோக்கியோ என்று போகிறவர்களுக்கு மூன்று கண்டம், அப்போது பேசலாம். விலை தொடங்கும் நாட்டுக்கு நாடு மாறும். எல்லாத் துண்டிலும் பிசினஸின் 'டி' என்ற புக்கிங் வகுப்பில் இடம் இருக்க வேண்டும், விமானத்தில் இருக்கை காலியாக இருந்தால் மட்டும் போதாது. மைல்ஸ் வைத்திருப்பவர்கள் ஏர் கனடாவின் ஏரோப்ளான் திட்டத்தைப் பார்க்கலாம், ஒரு வழிக்கு 5,000 புள்ளி கூடுதலாகக் கொடுத்தால் ஒரு ஸ்டாப்ஓவர்.

காமலாபுரத்தில் பறப்பது ஏடிஆர் 72, அதில் பிசினஸ் கேபினே இல்லை. தினம் உள்ள சர்வீஸும் குறைவு, ஒன்று ரத்தானால் அடுத்தது என்று ஓட முடியாது. வந்தே பாரத்தில் பெங்களூரு போய், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இரவு தங்குவதே மேல்.

நாகலூர், ஏற்காடு

மலையிலிருந்து வருகிறவர்கள் ஐப்பசி முதல் மார்கழி வரை முந்தின நாளே கீழே இறங்கிவிடுங்கள். 2024 டிசம்பர் மழையில் மண் சரிந்து அடிவாரம் ரோடு அடைபட்டதை மறக்க வேண்டாம். குப்பனூர் வழி உண்டு, ஆனால் அதையும் நம்பி விமானத்துக்குக் கணக்குப் போடக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை

கடைசியாக ஒன்று. பணம் கட்டியதும் பிஎன்ஆர் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். 13 இலக்க டிக்கெட் எண் வேண்டும். முதல் மூன்று இலக்கம் எந்த நிறுவனம் டிக்கெட் போட்டது என்று சொல்லும்: 157 கத்தார், 125 பிரிட்டிஷ், 176 எமிரேட்ஸ், 098 ஏர் இந்தியா, 603 ஸ்ரீலங்கன். எண் இல்லையென்றால் இடம் பிடித்திருக்கிறது, டிக்கெட் இல்லை. பல ஊர் டிக்கெட்டில் நடுவில் எங்காவது நேரம் மாறினால், மாற்றத்தை ஏற்ற பிறகு டிக்கெட்டை மறுபடி வெளியிட்டார்களா என்று கேளுங்கள். வெளியிடாமல் விட்டால் புக்கிங்கில் ஒரு நேரம், டிக்கெட்டில் ஒரு நேரம் என்று நிற்கும். நியூயார்க் கவுண்டரில் அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போகும், அதுவும் டிக்கெட் போட்ட நிறுவனம் வேறாக இருந்தால் "அவங்ககிட்ட பேசுங்க" என்றுதான் சொல்வார்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு தடவை, திரும்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு தடவை நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் போட்டு எல்லாத் துண்டும் உறுதி என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.