ரொறன்ரோவில் பிள்ளைகளுடன் கடைத்தொகுதிக்குப் போவது பற்றி

அன்பான உறவுகளுக்கு வணக்கம். வருகிற தை மாதம் நானும் மனைவியும் ஏழு, நான்கு வயதுடைய எங்கள் இரண்டு பிள்ளைகளுடன் கிளிநொச்சியிலிருந்து ஸ்காபரோவுக்குக் குடிபெயரவிருக்கிறோம். முறிகண்டியில் பேருந்து நிற்கும் சில நிமிடங்களுக்குள்ளேயே கச்சான் கடையைக் கண்டு என் கையை உதறிவிட்டு ஓடுகிற சின்னவனை, 1973ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஸ்காபரோ ரவுன் சென்ரர் போன்ற பெரிய கடைத்தொகுதிக்குள் எப்படிக் கூட்டிக்கொண்டு திரிவது என்பதே எங்கள் பெருங்கவலை.

கொழும்பில் ஒருமுறை நகரும் படிக்கட்டின் ஓரத்தில் அவனுடைய மெல்லிய இறப்பர் செருப்பின் நுனி இறுகிவிட, நான் பிள்ளையைத் தூக்கியெடுத்தபோது செருப்பு மட்டும் அங்கேயே கிழிந்து கிடந்தது. அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை. பிள்ளை தவறிப்போனால் முதலில் காவலாளியை நாட வேண்டுமா, தகவல் மேசைக்குப் போக வேண்டுமா? சட்டைப்பையில் தொலைபேசி எண்ணை எழுதி வைத்தால் போதுமா? வெளியே பனியும் உள்ளே வெப்பமுமாக இருக்கையில், கழற்றிய குளிரங்கிகளைச் சுமந்துகொண்டு பிள்ளைகளின் கையை எப்படிப் பிடிப்பீர்கள்?

விலைச்சீட்டில் இல்லாத 13 சதவீத வரி காசு கட்டும்போது சேரும் என்பதும், பிள்ளைகளின் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் அது 5 சதவீதம்தான் என்பதும் தெரியும். ஆகவே, செலவைவிடப் பாதுகாப்பைப் பற்றியே அனுபவமுள்ள தாய்மார் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.